மனப்பிறழ்விலிருந்து மீளும் இளைஞர்களும் வீடியோ விளையாட்டுகளும்: சுவிட்சர்லாந்தின் அனுபவம்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள பல்கலைக்கழக மனநல மருத்துவமனைகளின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். கடைகளில் விலைக்குக் கிடைக்கும் சாதாரண வீடியோ விளையாட்டுகளை, மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சிகிச்சையில் பயன்படுத்த முடியுமா என்பதே அந்தக் கேள்வி.

மனநோயிலிருந்து மீண்டுவரும் ஒரு மகனோ மகளோ இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் தலைகீழாகவே எழுகிறது. தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. இரவெல்லாம் திரையின் முன் உட்கார்ந்திருந்ததால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வந்தது என்று பெற்றோர் நம்புகிறார்கள். பிள்ளை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது முதலில் எடுத்து மறைத்து வைக்கப்படுவது அந்த விளையாட்டுக் கருவியாக இருப்பதும் உண்டு.

மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் சிகிச்சைக்கு உதவும் கருவியாகக் காணும் ஒன்றைப் பெற்றோர் நோய்க்கான காரணமாகக் காண்கிறார்கள். இந்த முரண்பாட்டை ஆராய்வதற்கு சுவிட்சர்லாந்து பொருத்தமான களம். மனச்சிதைவு நோய்க்கு உலகெங்கும் வழங்கும் ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற பெயரை 1908ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஓய்கன் புளொய்லர், சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்தவர். நோயாளிகளின் எதிர்காலம் குறித்த அவநம்பிக்கையைத் தகர்த்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்றும் அந்நாட்டிலேயே நடந்தது.

முதல் முறையாக நோய் தாக்கும்போது

மனப்பிறழ்வு, அதாவது மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்று அழைக்கும் நிலை, ஒருவருக்குப் புற உலகத்துடனான பிடிப்பு தளர்ந்துபோகும் நிலையாகும். பிறர் கேட்காத குரல்கள் அவருக்குக் கேட்கலாம். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள், தொலைக்காட்சியில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை உண்டாகலாம். நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இத்தகைய நிலை ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது. பதின்ம வயதின் இறுதிக்கும் இருபதுகளின் நடுப்பகுதிக்கும் இடையில்தான் இது பெரும்பாலும் தொடங்குகிறது. படிப்பை முடித்து, வேலை தேடி, நட்பும் காதலும் அமைகின்ற பருவமும் அதுவே.

குரல்களையும் மருட்சியான நம்பிக்கைகளையும் மருந்துகள் பலருக்கு சில வாரங்களில் அல்லது மாதங்களில் தணித்துவிடுகின்றன. குடும்பத்தினர் நோய் குணமாகிவிட்டது என்று நினைக்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் மருந்துகள் அதிகம் தொடாத வேறு சில பாதிப்புகள் அதன் பின்னரே வெளிப்படையாகத் தெரிய வருகின்றன. கவனம் சிதறுகிறது, வாசித்த பக்கம் நினைவில் நிற்பதில்லை. எதிலும் விருப்பமில்லாத ஒரு மந்தநிலை சூழ்ந்துகொள்கிறது. பழைய நண்பர்களைச் சந்திக்க வெட்கமும் அச்சமும் தடையாகின்றன. இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டார் பல சந்தர்ப்பங்களில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வேலைக்குத் திரும்ப முடியுமா, முடியாதா என்பதைக் குரல்களைவிட இந்தப் பாதிப்புகளே அதிகம் தீர்மானிக்கின்றன.

மீட்சி என்பது சாத்தியமே என்பதை எடுத்துக்காட்டிய ஆய்வு லோசான் நகரில் நடத்தப்பட்டது. மனநல மருத்துவர்கள் லுக் சியோம்பியும் கிறிஸ்டியான் முல்லரும் 289 நோயாளிகளின் வாழ்க்கையைச் சராசரியாக 37 ஆண்டுகள் தொடர்ந்து சென்று ஆராய்ந்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முழுமையாகக் குணமடைந்திருந்தார்கள், அல்லது இலேசான அறிகுறிகளோடு மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நோய் வந்தால் சீரழிவு நிச்சயம் என்ற அக்கால நம்பிக்கைக்கு அது ஒரு பலத்த அடி. சியோம்பி பின்னர் 1984இல் பேர்ன் நகரில் சொத்தேரியா என்ற சிறிய இல்லத்தை நிறுவினார். சாதாரண வீடு போன்ற அந்தச் சூழலில், கடும் நிலையில் இருக்கும் நோயாளியுடன் ஒருவர் எப்போதும் உடனிருப்பதே சிகிச்சையின் மையம்.

அதே லோசான் நகரில், வோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனை 2004ஆம் ஆண்டு முதல் டிப் என்ற சுருக்கப் பெயரில் ஒரு தொடக்ககாலச் சிகிச்சைத் திட்டத்தை நடத்தி வருகிறது. பேராசிரியர் பிலிப் கோனுஸ் இதனை முன்னின்று உருவாக்கினார். ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் 1990களில் வளர்ந்த முறை இதற்கு முன்மாதிரி. 18 முதல் 35 வயது வரையானவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு இதில் சேர்க்கப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவரோடு, தொடர்ந்து உடன்வரும் ஒரு பொறுப்பாளரும் நியமிக்கப்படுகிறார். நோய் தொடங்கியபின் வரும் முதல் சில ஆண்டுகளே பிற்கால வாழ்க்கையின் போக்கைப் பெருமளவு நிர்ணயிக்கின்றன என்பது இத்தகைய திட்டங்களின் அடிப்படைக் கருத்து.

அந்த ஆண்டுகளில் இளைஞர் ஒருவரைச் சிகிச்சையோடு இணைத்து வைத்திருப்பதுதான் மிகக் கடினமான பணி. அவருக்கு வீட்டைவிட்டு வெளியே வர மனமில்லை. தனக்கு நோய் இருப்பதாகவே அவர் ஏற்றுக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் இவ்வளவுக்கு மத்தியிலும் பலர் விளையாடுவதை மட்டும் கைவிடுவதில்லை. மருத்துவர்களின் கவனம் விளையாட்டுகள் மீது திரும்பியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மூளையில் நடப்பது என்ன

வீடியோ விளையாட்டு மூளையை என்ன செய்கிறது என்ற கேள்வியில் 1998ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாக அமைந்தது. லண்டனில் எட்டு ஆண்கள், திரையில் ஒரு டாங்கியைச் செலுத்திக் கொடிகளைச் சேகரிக்கும் விளையாட்டை விளையாடினார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கடந்தால் பணம் உண்டு. அவர்களது மூளையை வருடிப் பார்த்தபோது, டோபமைன் என்ற வேதிப்பொருள் கணிசமாகச் சுரப்பது தெரிய வந்தது.

மனப்பிறழ்வுக்குத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை இதே டோபமைனின் செயற்பாட்டைத் தடுப்பவை. ஆகவே, விளையாடுவது நோயைத் தூண்டிவிடுமோ என்ற அச்சம் அர்த்தமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நல்ல உணவும் மனதைத் தொடும் இசையும்கூட டோபமைனைச் சுரக்கச் செய்கின்றன. சாதாரணமாக வீடியோ விளையாட்டில் ஈடுபடுவது மனப்பிறழ்வை உருவாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நோய்க்கான அபாயத்தை அதிகரிப்பதாக நன்கு நிறுவப்பட்டுள்ளவை வேறு: குடும்ப மரபு, இளவயதிலேயே அதிக அளவில் கஞ்சா புகைப்பது, குழந்தைப் பருவத்துக் கொடுமைகள், புலம்பெயர்வு ஆகியவை அவற்றில் சில.

மறுபுறத்தில், விளையாட்டு மூளைக்குப் பயிற்சியாகவும் அமையக்கூடும் என்பதற்கான சான்றுகள் சேர்ந்துகொண்டிருந்தன. வேகமான அதிரடி விளையாட்டுகள் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன என்று 2003இல் ஷோன் கிரீன், டாஃப்னி பவெலியே ஆகிய இருவரும் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். பவெலியே பின்னர் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2014இல் பெர்லின் ஆய்வாளர்கள் வேறொரு முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மாதங்கள், நாளொன்றுக்குக் குறைந்தது அரை மணி நேரம் சூப்பர் மரியோ 64 விளையாடிய இளைஞர்களின் மூளையில், இடமறிதலுக்கும் நினைவுக்கும் திட்டமிடலுக்கும் உதவும் பகுதிகள் சற்றே பருத்திருந்தன.

பாசல் ஆய்வாளர்களின் கேள்வி இங்கிருந்துதான் பிறந்தது. மனச்சிதைவு நோயால் பாதிப்புறும் மூளைப் பகுதிகளும், விளையாட்டால் வலுப்பெறும் பகுதிகளும் பல இடங்களில் ஒன்றோடொன்று பொருந்துவதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் அவர்கள் தொகுத்து ஆராய்ந்த மூளைப்பட ஆய்வுகள் ஆரோக்கியமானவர்களிடம் நடத்தப்பட்டவை. ஆரோக்கியமான ஒரு மாணவரின் மூளையில் நிகழ்வது, மருந்துகளோடும் தூக்கமின்மையோடும் போராடும் ஒருவரிடத்திலும் நிகழும் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை.

போலிச் சிகிச்சையாக வந்த விளையாட்டு

நோயாளிகளிடம் நேரடியாக நடத்தப்பட்ட சோதனைகளில், வீடியோ விளையாட்டு ஒரு விசித்திரமான வேடத்தில் நுழைந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மெலிசா ஃபிஷர், சோஃபியா வினோகிராடோவ் ஆகியோர் தலைமையிலான குழு, ஒலிகளைத் துல்லியமாகப் பிரித்தறியும் கணினிப் பயிற்சியை ஆராய்ந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டது. மனச்சிதைவு நோயாளிகள் 55 பேரில் ஒரு பகுதியினர் 50 மணி நேரம் அந்தப் பயிற்சியைப் பெற்றார்கள். மற்றவர்களுக்கு அதே 50 மணி நேரமும் கடையில் கிடைக்கும் கணினி விளையாட்டுகள் தரப்பட்டன. அதாவது, மருந்துச் சோதனைகளில் சர்க்கரை மாத்திரை வகிக்கும் இடத்தை இங்கே விளையாட்டு வகித்தது.

சொற்களை நினைவில் வைத்திருக்கும் திறன் பயிற்சி பெற்றவர்களிடம் தெளிவாக மேம்பட்டது, விளையாடியவர்களிடம் அவ்வாறு மேம்படவில்லை. நோய் அண்மையில் தொடங்கிய இளைஞர்கள் 86 பேரிடம், வீட்டுக்கே மடிக்கணினி கொடுத்து 40 மணி நேரம் நடத்தப்பட்ட சோதனையும் ஏறத்தாழ இதே திசையைக் காட்டியது. அதன் முடிவு 2015இல் வெளியானது. சாதாரண விளையாட்டே தனியொரு சிகிச்சை என்று வாதிடுவோர் இந்த முடிவுகளை எளிதில் கடந்துவிட முடியாது. எதைப் பயிற்சி செய்கிறோமோ அதில்தான் முன்னேற்றம் வருகிறது.

சுவிட்சர்லாந்தில் இந்தப் பயிற்சி முறைக்கு நீண்ட மரபு உண்டு. பேர்ன் நகரில் ஹான்ஸ் பிரென்னர் தலைமையில் 1970களின் பிற்பகுதியிலிருந்து, சிந்தனைத் திறன் பயிற்சியையும் சமூகத் திறன் பயிற்சியையும் குழுவாக அளிக்கும் ஒருங்கிணைந்த சிகிச்சை உருவாக்கப்பட்டது. அதன் அடுத்த வடிவங்களில் கணினிப் பயிற்சிகளும் சேர்க்கப்பட்டன. லோசானில் உளவியலாளர் பஸ்கால் வியானான் உருவாக்கிய ரெகோஸ் என்ற முறை, ஒவ்வொருவரின் குறைபாட்டையும் முதலில் அளந்தறிந்து, அதற்கேற்ற பயிற்சிகளைத் தாளிலும் கணினியிலும் தருகிறது. பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்து, இந்த விடையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், வேறு எந்த வழியில் முயன்றிருக்கலாம் என்று கேட்டபடி இருப்பார். திரையில் கற்ற உத்தியை அந்த வாரத்திலேயே கடைக்குச் செல்வதிலோ பஸ் பிடிப்பதிலோ பயன்படுத்திப் பார்க்கும் வீட்டுப்பணியும் உண்டு.

இந்தக் கடைசி அம்சத்தின் முக்கியத்துவம் பின்னர் எண்களாலும் உறுதியானது. லண்டனைச் சேர்ந்த டில் வைக்ஸும் அவரது சக ஆய்வாளர்களும் 2011இல் 40 ஆய்வுகளை, அதாவது 2,104 பேரின் தரவுகளை, ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார்கள். சிந்தனைப் பயிற்சி நினைவையும் கவனத்தையும் மேம்படுத்துகிறது என்றாலும், அன்றாட வாழ்க்கையில் அதன் பலன் வலுவாகத் தெரிவது, வேலைப் பயிற்சி போன்ற மறுவாழ்வுத் திட்டங்களோடு அது இணைக்கப்படும்போதுதான் என்பது அவர்களது முடிவு.

மைக்கேல் என்ற பாத்திரம்

சுவிட்சர்லாந்தில் மனப்பிறழ்வுக்காகவே உருவாக்கப்பட்ட, நன்கு ஆராயப்பட்ட விளையாட்டு ஒன்று உண்டு. அதில் திரையே கிடையாது என்பது ஒரு சுவையான முரண். யாசர் கசால், ஜெரோம் ஃபாவ்ரோ ஆகியோரும் அவர்களது சகாக்களும் பிரெஞ்சு மொழி பேசும் சுவிஸ் பகுதியில் உருவாக்கிய 'மைக்கேலின் விளையாட்டு' 80 அட்டைகளைக் கொண்டது. நோயாளிகள் சிறு குழுவாக மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு தாதியோ உளவியலாளரோ வழிநடத்த, அதை விளையாடுகிறார்கள்.

ஒவ்வோர் அட்டையிலும் மைக்கேல் என்ற கற்பனைப் பாத்திரம் ஒரு சூழ்நிலையில் சிக்கி, அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறான். வேறு என்ன விளக்கங்கள் இருக்க முடியும், ஒவ்வொன்றையும் எப்படிச் சரிபார்க்கலாம் என்று விளையாடுபவர்கள் அவனுக்கு உதவ வேண்டும். முதல் அட்டைகள் சாதாரண விஷயங்களைப் பற்றியவை. பின்னர் உணர்ச்சிகளைக் கிளறும் சூழ்நிலைகள் வருகின்றன. நோயாளிகள் தாங்களே அனுபவித்த மருட்சிகளை ஒத்த அட்டைகள் அதற்குப் பிறகே வருகின்றன.

தெருவில் இருவர் தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆகவே அவர்களுக்குத் தன் இரகசியம் தெரிந்துவிட்டது என்று ஒருவர் எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் எண்ணம் தவறு என்று மருத்துவர் நேரடியாகச் சொன்னால், அவரும் அந்தச் சதியில் ஒரு பங்காளி ஆகிவிடுவார். ஆனால் அதே எண்ணம் மைக்கேலுடையதாக இருந்தால், அதைப் பற்றிச் சிரிக்கலாம், வாதாடலாம், தவறாகவும் ஊகிக்கலாம். தவறான ஊகத்துக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை. எந்த விளையாட்டுக்கும் உள்ள இந்தப் பாதுகாப்பே இங்கே சிகிச்சையாக மாறுகிறது.

இந்த விளையாட்டைக் கொண்டு பல சிகிச்சை மையங்களில் 172 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஒப்பீட்டுச் சோதனையின் முடிவுகள் 2015இல் வெளியாயின. வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட, இதையும் சேர்த்து விளையாடியவர்களுக்குத் தங்கள் மருட்சி நம்பிக்கைகள் மீதிருந்த உறுதிப்பாடு குறைந்தது. பலன் பிரமாண்டமானது என்று சொல்ல முடியாது. ஆனால் விசேடப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் போதுமான அளவில் இல்லாத மருத்துவமனைகளிலும், தாதியர்களால் நடத்தக்கூடிய ஒன்று என்ற வகையில் அது முக்கியத்துவம் பெறுகிறது.

விளையாட்டு மருத்துவத்துக்குள் நுழைவது சுவிஸ் மனநல மருத்துவத்துக்குப் புதிதுமல்ல. மைத்துளிகளைத் தாளில் மடித்து உருவங்கள் காணும் சிறுவர் விளையாட்டிலிருந்தே, புளொய்லரிடம் பயின்ற ஹெர்மன் ரோர்ஷாக் 1921இல் தமது புகழ்பெற்ற மைத்தடச் சோதனையை உருவாக்கினார். லோசான் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ, உளவியலாளர் அன்ட்யே ஹோர்ஷ் 2017இல் வேறொரு துறையில் டெட்ரிஸ் விளையாட்டைப் பரிசோதித்தார். அவசர சிசேரியன் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான 56 தாய்மாரில் ஒரு பகுதியினர், பிரசவமான ஆறு மணி நேரத்துக்குள் 15 நிமிடங்கள் டெட்ரிஸ் விளையாடினார்கள். பிரசவத்தின் அச்சமூட்டும் காட்சிகள் அடுத்த வாரத்தில் அவர்கள் மனத்தில் திரும்பத் திரும்ப எழுவது குறைந்தது. இது மனப்பிறழ்வு குறித்த ஆய்வல்ல. எந்த விளையாட்டு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எந்தக் குறிப்பிட்ட நோக்கத்துக்காக என்று வரையறுத்துக் கொண்டால் விளையாட்டையும் மருந்தைப் போலவே அளந்து பார்க்க முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

குரலுக்கு ஒரு முகம்

வீடியோ விளையாட்டின் தொழில்நுட்பத்தை மனப்பிறழ்வுச் சிகிச்சையில் மிகத் துணிச்சலாகப் பயன்படுத்தியவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்கள். ஜூலியன் லெஃப் லண்டனில் 2008இல் தொடங்கிய அவதார் சிகிச்சையில், தம்மை இழிவுபடுத்தும் குரலுக்கு நோயாளியே கணினியில் ஒரு முகத்தையும் தொனியையும் உருவாக்குகிறார். சிகிச்சையாளர் அந்த உருவத்தின் வாயிலாகப் பேச, நோயாளி அதை எதிர்த்து நிற்கப் பழகுகிறார். அமர்வுகள் செல்லச் செல்ல அந்த உருவம் படிப்படியாகப் பணிந்துபோகிறது. 150 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட சோதனையில், 12 வாரங்களின் முடிவில் இது ஆறுதல் ஆலோசனையைவிட அதிகப் பலன் தந்தது. ஆனால் 24 வாரங்களில் இரு பிரிவினருக்கும் இடையிலான வித்தியாசம் மறைந்துவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டின் டானியல் ஃப்ரீமன் குழு, வெளியே செல்லவே அஞ்சும் நோயாளிகளுக்கு மெய்நிகர் தேநீர்க் கடையையும் பஸ்ஸையும் மருத்துவரின் காத்திருப்பு அறையையும் உருவாக்கியது. 346 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 2022இல் வெளியானது. அச்சம் மிகக் கடுமையாக இருந்தவர்களே இதனால் அதிகம் பயனடைந்தார்கள். தலையில் அணியும் கருவிக்குள் ஒரு மெய்நிகர் பயிற்றுநர் பேசினாலும், அறையில் ஒரு பணியாளர் உடனிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

யார் பணம் கொடுப்பது

சிறுவர்களின் கவனக்குறைபாட்டுக்காக உருவாக்கப்பட்ட ஒரு வீடியோ விளையாட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020இல் அனுமதி வழங்கியது. அதன் பின்னர், மருந்துச்சீட்டில் எழுதப்படும் விளையாட்டு என்ற கருத்து வணிக நிறுவனங்களைக் கவர்ந்துள்ளது. ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் செலவு மிக்க பகுதி மென்பொருளல்ல, உடனிருக்கும் மனிதரின் நேரமே.

சுவிட்சர்லாந்தில் மருத்துவக் காப்புறுதி 1996 முதல் அனைவருக்கும் கட்டாயம். ஆயினும் வயதுவந்தோர் ஆண்டுதோறும் முதலில் குறைந்தது 300 பிராங்குகளைத் தாமே செலுத்த வேண்டும். மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காக இளைஞர்கள் பலர் இந்தத் தொகையை 2,500 பிராங்குகள் வரை உயர்த்தித் தெரிவு செய்கிறார்கள். நோய் வராது என்று நம்பும் வயது அது. இருபது வயதில் மனப்பிறழ்வு தாக்கினால் முதல் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. 2022 ஜூலை முதல், மருத்துவரின் பரிந்துரை இருந்தால் உளவியல் சிகிச்சையாளர்கள் சுயமாகப் பணியாற்றி அடிப்படைக் காப்புறுதியில் கட்டணம் கோர முடிகிறது. பேச்சுச் சிகிச்சையை நாடுவோருக்கு இது ஓரளவு நிம்மதி.

நாட்டின் பார்வையில் இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. இயலாமைக் காப்புறுதியிலிருந்து ஓய்வூதியம் பெறுவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதற்கான காரணம் மனநோய். ஓய்வூதியத்துக்கு முன்னர் மறுவாழ்வு என்பது அந்தக் காப்புறுதியின் பழைய கொள்கை. 2022இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் இளைஞர்களையும் மனநோயாளிகளையும் குறிப்பாகக் கருத்தில் கொண்டது. நினைவாற்றலும் கவனமும் ஓரளவு திரும்பி, தொழிற்பயிற்சியை முடிக்க முடிந்த ஓர் இளைஞருக்கும், இருபத்திரண்டு வயதில் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கும் இடையிலான தூரம் நாற்பது ஆண்டுகள்.

தமிழ்க் குடும்பங்களின் நிலை

இலங்கையில் 1983இல் நிகழ்ந்த வன்செயல்களின் பின்னர் தஞ்சம் கோரி வந்தவர்களும் அவர்களது பிள்ளைகளுமாக, சுவிட்சர்லாந்தில் சுமார் 50,000 தமிழர்கள் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. புலம்பெயர்ந்தோரிடமும் அவர்களது பிள்ளைகளிடமும் மனப்பிறழ்வு அதிகமாகக் காணப்படுகிறது என்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நடந்த ஆய்வுகளின் பொதுவான முடிவு. இதற்கு இனத்தின் இயல்பு காரணமல்ல. ஒதுக்கப்படுதலும் தனிமையும் முக்கிய காரணங்களாகக் கருதப்படுகின்றன.

உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் வெவ்வேறு நேர முறைகளில் உழைத்த பெற்றோருக்கு, பிள்ளை அறைக்குள் இருக்கிறான் என்பதே ஒரு காலத்தில் பாதுகாப்பின் அடையாளமாக இருந்தது. பிள்ளையின் உலகமோ ஜெர்மன் அல்லது பிரெஞ்சு மொழியில், இணையவழி விளையாட்டுகளில் கிடைத்த நண்பர்களோடு இருந்தது. அவன் மாறிப்போனதை அந்த நண்பர்கள் பெற்றோருக்கு முன்பே உணர்ந்திருக்கவும் கூடும். நோய் தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையிலான காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது. சமூகத்தில் பெயர் கெட்டுவிடும், பிள்ளைக்குத் திருமணம் தடைப்படும் என்ற பயம் இந்தக் காலத்தை மேலும் நீட்டிக்கிறது.

அதேவேளை, தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு பலமும் உண்டு. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி மையமான ஸ்கார்ஃப், கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, முதன்முறையாக மனப்பிறழ்வு ஏற்பட்டவர்களை இரு நகரங்களிலும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. இரு இடங்களிலும் சிகிச்சை முறை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சென்னையில் குடும்பத்தினர் சிகிச்சையில் அதிகம் பங்கெடுத்தார்கள். ஆர்வமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற, மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத அறிகுறிகள் சென்னை நோயாளிகளிடம் கூடுதலாகக் குறைந்தன. பக்கத்தில் ஒருவர் இருப்பது என்ற அம்சம், பேர்னின் சொத்தேரியா இல்லத்தில் தொடங்கி லோசானின் பயிற்சி மேசை வரை கண்ட அதே அம்சம்தான்.

விளையாட்டில் ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கட்டுப்பாட்டை இழந்து விளையாடுவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் ஒரு கோளாறாகவே சேர்த்துள்ளது. மனப்பிறழ்விலிருந்து மீள்பவருக்கு முதல் எதிரி தூக்கமின்மை. விடியும் வரை விளையாடினால் உறக்கமும் கெடும், மருந்து உட்கொள்ளும் நேரமும் தவறும். அதிர்ஷ்டப் பெட்டிகள் போன்ற, சூதாட்டத்தை ஒத்த அம்சங்கள் கையிருப்பைக் கரைக்கும். முகம் தெரியாதவர்கள் வசைபாடும் இணையவழிப் போட்டிகள், ஏற்கனவே சந்தேகத்தால் அலைக்கழிக்கப்படும் ஒருவருக்கு உகந்தவை அல்ல.

ஆகவே மருத்துவரைச் சந்திக்கும்போது, எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்ற ஒரு தகவல் மட்டும் போதாது. முன்பு நண்பர்களோடு சேர்ந்து விளையாடியவன் இப்போது தனியாக மட்டும் விளையாடுகிறானா, விருப்பமான விளையாட்டையே திடீரென்று கைவிட்டானா, விளையாட்டின் பாத்திரங்கள் தனக்கு இரகசியச் செய்திகள் அனுப்புவதாகச் சொல்கிறானா, எத்தனை மணிக்குத் திரையை அணைக்கிறான் என்பவை நோயின் போக்கை அறிய மருத்துவருக்கு உதவும். வீட்டில் யாரேனும் அவன் பக்கத்தில் அமர்ந்து, அந்த விளையாட்டின் விதிகளை விளக்கும்படி கேட்டிருக்கிறார்களா என்பதையும் அவற்றோடு சொல்லலாம்.